ஆளுக்கொரு மேடை: டிலானின் நூலில் பீற் சீகர்

பொப் டிலான் எழுதிய 'நவீன பாடலின் தத்துவம்' என்னும் நூல் 2022 நவம்பரில் வெளிவந்தது. 2004இல் வந்த அவரது தன்வரலாற்று நூலுக்குப் பின்னரான பெரிய உரைநடை முயற்சி இது. 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் பாடல் பற்றி என்ன சொல்லப் போகிறார் என்ற எதிர்பார்ப்பு பலருக்கு இருந்தது. நூலில் 66 பாடல்கள் பற்றிய 66 கட்டுரைகள் உள்ளன. அத்தனையும் பிறர் பாடியவை. நூலுக்கு வந்த மதிப்புரைகளில் பல அவரது மொழியின் வேகத்தை மெச்சின. சில அவர் பெண்கள் பற்றி எழுதியவற்றைச் சாடின. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் நான் இங்கு எடுத்துக்கொள்வது கடைசிக்கு முந்திய கட்டுரையை. அது 2014 ஜனவரி 27இல், தனது 94ஆவது வயதில் காலமான பீற் சீகரின் பாடல் ஒன்றைப் பற்றியது. அங்கே டிலான் சொல்லிச் செல்லும் ஒரு கருத்து, எங்களைப்போல் சிதறி வாழும் ஒரு சமூகத்தினால் இலேசில் கடந்து போகக்கூடியதல்ல. அதனை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வியே இக்கட்டுரை.

முதலில் பாடலின் கதையைப் பார்ப்போம். 'வெயிஸ்ற் டீப் இன் த பிக் மடி' என்பது அதன் பெயர். பெருஞ்சேற்றில் இடுப்பளவு ஆழத்தில் நிற்பது என்று பொருள். 1942இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பயிற்சியிலிருக்கும் ஒரு படைப்பிரிவை அதன் கப்டன் இரவில் ஆறொன்றைக் கடக்கச் சொல்கிறான். சார்ஜன்ற் எச்சரிக்கிறான். கப்டன் கேட்பதாயில்லை. தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கும் கழுத்துக்கும் ஏறுகிறது. கடைசியில் கப்டன் அமிழ்ந்து போகிறான், சார்ஜன்ற் மற்றவர்களைத் திருப்பிக் கூட்டிவருகிறான். பாடலில் வியற்நாம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஜனாதிபதி ஜோன்சனின் பெயரும் இல்லை. கேட்டவர் எல்லோருக்கும் மட்டும் அது யாரைப் பற்றியது என்பது விளங்கியது.

1967 செப்ரெம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் ஸ்மதர்ஸ் சகோதரர்கள் நிகழ்ச்சிக்கு சீகர் அழைக்கப்பட்டார். பதினேழு வருடங்கள் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர் அவர். நிகழ்ச்சியில் இந்தப் பாடலைப் பாடினார். ஒளிபரப்பில் அது வெட்டப்பட்டிருந்தது. ஸ்மதர்ஸ் சகோதரர்கள் பத்திரிகைகளில் முறையிட்டார்கள், விவாதம் எழுந்தது. 1968 பெப்ரவரி 25இல் சீகர் மறுபடி வந்து அதே பாடலைப் பாடினார். இம்முறை அது முழுதாக ஒளிபரப்பாயிற்று. ஒரு மாதத்தின் பின், மார்ச் 31இல், தான் மீண்டும் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று ஜோன்சன் அறிவித்தார். பாடலால்தான் அது நடந்தது என்று சொல்வது பேதைமை. வியற்நாமில் அந்த வருடத் தொடக்கத்தில் நடந்த ரெற் தாக்குதலும் செய்தியாளர் வோல்ரர் குரொங்கைற்றின் கூற்றும் இன்னும் பலவும் சேர்ந்தே காற்று மாறியது. ஆனால் காற்று மாறிய அந்தக் கிழமைகளில் இலட்சக்கணக்கான வீடுகளில் இப்பாடல் கேட்டது என்பது உண்மை.

டிலான் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். அன்று தொலைக்காட்சிப் பெட்டியில் சில அலைவரிசைகளே இருந்தன. பகிடிக்காகவோ ஒரு பொப் குழுவுக்காகவோ உட்கார்ந்தவன், தான் விரும்பாத இந்தக் கிழவனின் பான்ஜோவையும் கேட்டாக வேண்டியிருந்தது. போரை ஆதரித்தவனின் வரவேற்பறைக்குள்ளும் போரை எதிர்த்த பாட்டு நுழைந்தது. இன்று அது இல்லை என்கிறார் டிலான். ஒவ்வொருவருக்கும் அவரவர் விருப்பத்துக்கேற்ற வாய்க்கால் வெட்டிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மனிதரைப் பேசாமல் செய்வதற்கு அவர்களது மேடையைப் பறிக்கத் தேவையில்லை, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாலே காரியம் முடிந்துவிடும் என்பதுதான் அவரது வாதத்தின் சாரம். தனக்குத் தெரிந்ததை, தான் ஏற்கெனவே ஒத்துக்கொண்டதைத் தவிர வேறெதையும் எவரும் கேட்கப் போவதில்லை.

இதை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இலங்கை வானொலி. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அது ஒன்றே ஒலித்தது. சினிமாப் பாட்டுக்காகக் காத்திருந்தவர்கள் அதற்கு முன்னால் வந்த நாடகத்தையும் இசைச்சித்திரத்தையும் மரண அறிவித்தலையும் கேட்டார்கள். சங்கீதப் பிரியர்கள் முகம் சுளித்துக்கொண்டே பொப் பாட்டைக் கேட்டார்கள். யாருக்கும் அது முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் அடுத்தநாள் சந்தியில் கதைப்பதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. இன்று புகலிடத்தில் எமக்கு வானொலிகள் உண்டு, தொலைக்காட்சிகள் உண்டு, யூரியூப் அலைவரிசைகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு ஊர்ச் சங்கத்துக்கும் ஒரு வட்ஸ்அப் குழு. ஓர் அரசியலைச் சேர்ந்தவர் மற்ற அரசியலைச் சேர்ந்தவரின் குரலை மாதக்கணக்கில் கேட்காமலே வாழ்ந்துவிடலாம். கேட்டாலும் வெட்டியெடுத்து நையாண்டி செய்யப்பட்ட அரை நிமிடத் துண்டாகத்தான் கேட்கிறார். ஆகவே டிலானின் கூற்றில் எம்மைச் சுடுகின்ற உண்மை இருக்கிறது என்பதை மறைக்க முடியாது.

டிலானின் வாதத்துக்கு வலுச்சேர்க்கும் இன்னொரு விடயமும் உண்டு. 1967இல் சீகரின் இதே பாடல், இதே தலைப்பைக் கொண்ட இசைத்தட்டு ஒன்றிலும் வெளிவந்தது. வெளியிட்டது கொலம்பியா நிறுவனம். கொலம்பியா யாருடையது? சி.பி.எஸ். உடையது. அதாவது பாடலை இசைத்தட்டாக விற்பதில் அந்த முதலாளிக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. சீகரை ஏற்கெனவே விரும்புகிறவன் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கித் தன் அறையில் கேட்கட்டும். அதே பாடல் பொதுவான மேடைக்கு, விரும்பாதவனின் காதுக்கு வரும்போதுதான் கத்தரிக்கோல் வெளியே வருகிறது. அதிகாரம் எதற்குப் பயப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இன்றைய நிலைமையை, அந்த இசைத்தட்டுக் கடை மட்டும் பெருத்து, பொதுமேடை சுருங்கிவிட்ட நிலைமை என்று விளங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு தூரம் நான் டிலானோடு வருகிறேன். இதற்கு மேல் எனக்கு மூன்று ஆட்சேபங்கள் உள்ளன.

முதலாவது, மேடையைப் பறிப்பது பழைய முறை, பயனற்ற முறை என்ற தொனி. இதனை நியூயோர்க்கில் இருந்துகொண்டு சொல்வது இலகு. 1973 செப்ரெம்பரில் சிலியின் இராணுவச் சதிப்புரட்சியின்போது பாடகர் விக்ரர் ஹாரா விளையாட்டரங்கு ஒன்றில் அடைத்துவைக்கப்பட்டு, சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். இன்று அந்த அரங்கு அவரது பெயரைத் தாங்குகிறது. கொலைக்குப் பொறுப்பான முன்னாள் இராணுவத்தினர் ஏழுபேரின் தண்டனையைச் சிலியின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2023 ஓகஸ்ரில், அதாவது அரைநூற்றாண்டு கழித்து. டிலானுக்கு இது தெரியாத சங்கதியல்ல. 1974 மே மாதம் பாடகர் பில் ஓக்ஸ் நியூயோர்க்கில் சிலி மக்களுக்காக ஒழுங்குசெய்த நிகழ்ச்சியில் பீற் சீகரும் பாடினார், டிலானும் பாடினார். இருவரும் ஒரே மேடையில் ஏறியது மேடை பறிக்கப்பட்ட ஒரு பாடகனின் நாட்டுக்காக.

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. கவிஞர் செல்வி 1991இல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. 1994 மே 1இல் சபாலிங்கம் பாரிசில் சுட்டுக் கொல்லப்பட்டார். எரித்தவர்களும் பிடித்தவர்களும் சுட்டவர்களும் ஆளுக்கொரு மேடை கொடுக்கும் நுட்பத்துக்காகக் காத்திருக்கவில்லை. அவர்களது முறை பலித்தது. ஒருவரைக் கொன்றபோது நூறுபேர் பேசாமல் விட்டார்கள். இன்று எமக்குக் கிடைத்திருக்கும் இத்தனை அலைவரிசைகளிலும் சில விடயங்கள் இன்னமும் தணிந்த குரலிலேயே பேசப்படுகின்றன என்றால், அதற்குக் காரணம் அலைவரிசைகளின் எண்ணிக்கை மாத்திரமல்ல. பழைய பயத்தின் மிச்சமும் உண்டு. இரண்டு முறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவையல்ல. ஒன்றோடொன்று கூடி வேலை செய்பவை.

இரண்டாவது ஆட்சேபத்துக்கு சீகரின் வாழ்க்கையே சாட்சி. 1950இல் அவர் இருந்த வீவர்ஸ் குழுவின் 'குட்நைற் ஐரீன்' அமெரிக்காவில் முதலிடத்தில் கிழமைக்கணக்காக நின்றது. அது கறுப்பினப் பாடகர் லெட்பெல்லியின் பாடல். அவர் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அடுத்த இரண்டு வருடங்களில் கம்யூனிஸ்ட் வேட்டை வீவர்ஸ் குழுவைக் கலைத்தது. 1955 ஓகஸ்ரில் சீகர் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். தன்னைக் குற்றத்துக்குள்ளாக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமையை அவர் கோரவில்லை. ஒருவரின் அரசியலையும் சகவாசத்தையும் கேட்கும் உரிமையே உங்களுக்குக் கிடையாது என்றார். தான் பாடிய பாடல்களை வேண்டுமானால் அங்கேயே பாடிக்காட்டுவதாகவும் சொன்னார். 1961இல் அவருக்கு ஒருவருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1962இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது.

இந்தக் காலம் முழுவதும் அவர் என்ன செய்தார்? பெரிய மேடை இல்லாதபோது கல்லூரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சிறுவர்களின் கோடைகால முகாம்களுக்கும் பான்ஜோவோடு போனார். பல இடங்களில் வாசலில் எதிர்ப்பு ஊர்வலம் நின்றது. உள்ளே ஐம்பதுபேரோ நூறுபேரோ. அப்படிக் கேட்ட பிள்ளைகள் பத்து வருடங்களில் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 1960களின் நாட்டார் இசை எழுச்சி அந்தச் சின்னச் சின்ன மேடைகளில் விதைக்கப்பட்டது. அந்த எழுச்சி இல்லாவிட்டால் மினசோற்றாவிலிருந்து நியூயோர்க்குக்கு வந்த பத்தொன்பது வயதுப் பையனான டிலானுக்கு நிற்பதற்கு இடம் கிடைத்திருக்குமா? ஆகவே மேடை சின்னது என்பதோ, பல என்பதோ தன்னளவில் வாய்ப்பூட்டு ஆகிவிடாது. சின்ன மேடையில் நிற்பவர் யாரிடம் போகிறார், யாரை வரவிடுகிறார் என்பதே கேள்வி.

மூன்றாவது ஆட்சேபம் டிலானின் நூல் பாடலை எப்படிப் பார்க்கிறது என்பது பற்றியது. 66 கட்டுரைகளிலும் பாடல் என்பது ஓர் இசைத்தட்டு. குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட வருடத்தில் பதிவுசெய்த குரல். கேட்பவர் தனியாக இருக்கிறார். டிலான் அவரை 'நீ' என்று விளித்து அவருடைய காதலையும் ஏமாற்றத்தையும் குற்றங்களையும் அவருக்கே சொல்லிக் காட்டுகிறார். இது மிகவும் வலுவான எழுத்து. சில பக்கங்களில் எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் சீகரின் பாடலை இவ்வாறு கேட்பது அதன் பாதியைக் கேட்பதற்குச் சமம். சீகர் தன் குரலைப் பெரிதாக எண்ணியவரல்ல. ஒரு வரியைத் தான் சொல்லி, அடுத்ததைச் சபையிடம் விட்டு, ஆண்களை ஒரு சுருதியிலும் பெண்களை இன்னொன்றிலும் பிரித்து, மண்டபம் முழுவதையும் பாடவைப்பதே அவரது கலை. சபை பாடாவிட்டால் அவரது நிகழ்ச்சி தோல்வி. பொதுமேடை என்று டிலான் ஏங்குவது எல்லோரும் ஒன்றாகக் கேட்ட காலத்துக்கு. சீகர் உழைத்தது எல்லோரும் ஒன்றாகப் பாடுவதற்கு. ஒன்றாகக் கேட்டவர்கள் கேட்டுவிட்டு எழும்பிப் போகலாம். ஒன்றாகப் பாடியவர்களுக்குப் பக்கத்தில் நின்றவரின் குரலும் மூச்சும் தெரியும்.

புதிய இசை பற்றி டிலான் சொல்வதையும் இங்கேதான் வைத்துப் பார்க்கவேண்டும். அந்த நூல் வெளிவந்த அடுத்த மாதம் ஒரு பத்திரிகைக்கு அவர் வழங்கிய நேர்காணலில், இணையவழியே பாய்ந்துவரும் இசை எல்லாவற்றையும் மிகவும் வழுவழுப்பாக, வலியில்லாததாக ஆக்கிவிட்டது என்று குறைப்பட்டார். அதே நேர்காணலில் தான் விரும்பும் புதியவர்களின் பட்டியலையும் தந்தார். எமினெம், வூ ராங் குழுவினர், ஜாக் வைற், இளம் பாடகி செலெஸ்ற் எனப் பலர் அதில் உண்டு. எண்பது கடந்த ஒருவர் இத்தனைபேரைத் தேடிக் கேட்கிறார் என்பது மகிழ்ச்சியானது. ஆனால் நூலுக்குள் இவர்களுக்கு இடமில்லை. பெரும்பாலான பாடல்கள் அவரது இளமைக்காலத்தை ஒட்டியவை. றாப் பாடலுக்கு ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. 66இல் பெண்கள் பாடியவை நான்கே நான்கு: நீனா சிமோன், ஜூடி கார்லன்ட், ரோஸ்மேரி குளூனி, ஷேர். ஜோன் பயஸ் இல்லை, ஒடெற்ரா இல்லை. ஒடெற்ராவின் இசைத்தட்டைக் கேட்டே தான் நாட்டார் இசைப்பக்கம் திரும்பியதாக ஒருகாலத்தில் சொன்னவர் டிலான். மக்கள் தமக்குப் பிடித்ததை மட்டுமே கேட்கிறார்கள் என்று கண்டிக்கும் நூலின் கதவு, பாடகிகளுக்கும் றாப் பாடகர்களுக்கும் இவ்வளவு ஒடுக்கமாக இருப்பது முரண். தனி மேடை பற்றிய அவரது விமர்சனம் முதலில் பொருந்துவது அவரது சொந்தப் பொருளடக்கத்துக்கு.

எல்லாம் இலகுவாகிவிட்டது என்ற குறைபற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்நூலின் 900 பிரதிகள் டிலான் தன் கையால் ஒப்பமிட்டவை என்று சொல்லி ஒவ்வொன்றும் 599 டொலருக்கு விற்கப்பட்டன. ஒப்பமிட்டது இயந்திரம் என்பது வாங்கியவர்களால் கண்டுபிடிக்கப்பட்டது. வெளியீட்டாளர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், டிலான் வருத்தம் தெரிவித்தார். இதனைக் கெக்கலி கொட்டுவதற்காக நான் எழுதவில்லை. எந்திரத்தின் வசதி புதிய தலைமுறையின் நோய் மட்டுமன்று என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

புதிய இசை என்றவுடன் 1965 நியூபோர்ட் விழா பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. அங்கே டிலான் மின்கிற்றாரோடு மேடையேறியபோது சீகர் கோடரியால் கம்பியை வெட்டப் போனார் என்ற கதை உலகம் முழுவதும் உலாவுகிறது. 2024இல் வந்த 'எ கொம்ப்ளீற் அன்னோன்' திரைப்படம் அந்த நாளையே உச்சக்கட்டமாக வைத்திருப்பதால், இப்போதைய இளையவர் பலருக்கு சீகர் என்றால் புதிய ஓசையைத் தாங்கமுடியாத நல்ல மனசுள்ள பெரியவர். சீகர் பின்னாளில் சொன்னது வேறு. ஒலிவாங்கிகளின் இரைச்சலில் சொற்கள் கேட்கவில்லை, கோடரி இருந்தால் கம்பியை வெட்டுவேன் என்று கத்தியது உண்மை, மின்கிற்றார் மீது தனக்குக் கோபமில்லை என்றார். அதே வருடம் பேர்ட்ஸ் குழுவினர் அவரது 'ரேர்ண் ரேர்ண் ரேர்ண்' பாடலை மின்கிற்றாரோடு பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதை அவர் வரவேற்றார். அவரது கரிசனை சொற்கள் சபைக்குப் போய்ச் சேருகின்றனவா என்பதில் இருந்தது. இன்றைய பாடலையும் இந்த அளவுகோலால் அளப்பது நல்லது. றாப் பாடும் எங்கள் பிள்ளையின் தாளத்தைப் பற்றி முணுமுணுக்கும் நாம், அவன் என்ன சொல்கிறான் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா?

சீகரை நான் ஒரு புனிதராக நிறுத்துவதாக எவரும் எண்ணவேண்டாம். 1941இல் அவர் இருந்த அல்மனாக் பாடகர் குழு அமெரிக்கா போருக்குப் போகக்கூடாது என்று ஒரு தொகுதிப் பாடல்களை வெளியிட்டது. சோவியத் யூனியனும் ஹிற்லரும் ஒப்பந்தத்தில் இருந்த காலம் அது. ஜூனில் ஹிற்லர் சோவியத் மீது பாய்ந்ததும் அந்த இசைத்தட்டுகள் மீளப்பெறப்பட்டன, குழு போரை ஆதரித்துப் பாடத் தொடங்கியது. கட்சியின் நிலைப்பாடு திரும்பிய பக்கம் பாட்டும் திரும்பியது. ஸ்ராலினின் கொடுமைகளைக் காணத் தவறியதற்காக சீகர் வருத்தம் தெரிவித்தது பல பத்தாண்டுகள் கழித்தே. மேலிருந்து உத்தரவு வர, நேற்றைய எதிரியை இன்று நண்பனாகப் பாடிய அனுபவம் எமது இயக்கங்களிலும் உண்டு. எழுச்சிப் பாடல்களை எழுதியவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். ஒன்றாகப் பாடும் சபையில் தனிக்குரல் அமுங்கிப் போகலாம் என்ற அபாயத்தை அவர்கள் அறிவார்கள். 1960களின் நடுப்பகுதியில் டிலான் இயக்கத்துப் பாடகன் என்ற பட்டத்தை உதறியதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. சபை தன்னிடம் எதிர்பார்த்த பாட்டை அவர் பாட மறுத்தார். ஒரு கலைஞனுக்கு அந்த உரிமை இல்லையென்றால் பிறகு பாட்டு எதற்கு?

ஆனாலும் சீகர் தன் பிழைகளிலிருந்து எடுத்த முடிவு டிலான் எடுத்ததற்கு வேறானது. சபையை விட்டு விலகாமல் சபையை அகலமாக்கப் பார்த்தார். 1949 செப்ரெம்பரில் பீக்ஸ்கில் என்னுமிடத்தில் போல் ரொப்சனின் இசை நிகழ்ச்சி முடிந்து திரும்பியவர்கள் மீது கும்பல் கல்லெறிந்தது. சீகரின் குடும்பம் இருந்த காரின் கண்ணாடிகளும் உடைந்தன. காருக்குள் விழுந்த கற்களில் சிலவற்றை அவர் எறியவில்லை. ஹட்சன் ஆற்றங்கரையில் தான் கட்டிய வீட்டின் புகைபோக்கியில் வைத்துக் கட்டினார். பின்னர் அதே ஆற்றைத் துப்புரவாக்க 'கிளியர்வோற்றர்' என்ற பாய்க்கப்பலைக் கட்டும் முயற்சியில் இறங்கினார். 1969இல் அக்கப்பல் நீரில் இறங்கியது. அந்த ஆற்றங்கரைச் சிற்றூர்களில் அவரைத் தேசத்துரோகி என்றவர்கள் பலர். அவர்களோடுதான் அவர் சேறள்ள வேண்டியிருந்தது. 2011 ஒக்ரோபரில், 92 வயதில், இரண்டு கைத்தடிகளோடு வோல் ஸ்ரீற் எதிர்ப்பாளரோடு நியூயோர்க் தெருவில் நடந்தார். அங்கே நின்ற பேரப்பிள்ளைகள் வயதினர் அவரோடு பாடினார்கள்.

டிலான் தன் சகபாடகரைப் பற்றி எழுதிய பக்கங்களில் இவை எவையும் இல்லை. அங்கே சீகர் ஒருநாள் இரவு தொலைக்காட்சியில் தோன்றி மறைகிறார். அந்த ஒருநாளுக்குப் பின்னால் இருந்த பதினேழு வருடச் சிறுமேடைகளைச் சேர்த்து எழுதியிருந்தால், டிலானின் வாதம் இவ்வளவு கையறுநிலையில் போய் முடிந்திருக்காது.

எங்களுக்கு வருவோம். 1980களின் கடைசியிலும் 1990களிலும் புகலிடத்தில் வந்த சுவடுகள், தூண்டில், மனிதம் போன்ற சஞ்சிகைகளைவிடச் சின்ன மேடை வேறேது? சில நூறு பிரதிகள், தபாலில் போய்ச் சேர்ந்தவை. 1988இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பில் கூடியவர்களும் சொற்பம். ஆனால் அந்த அறைக்குள் வேறுவேறு இயக்கங்களிலிருந்து வந்தவர்கள், இயக்கமே வேண்டாமென்றவர்கள், பெண்ணியவாதிகள், தலித்தியம் பேசியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை பிடித்தார்கள். ஒரு சஞ்சிகையில் வந்த கட்டுரைக்கு அடுத்த இதழிலோ வேறொரு சஞ்சிகையிலோ மறுப்பு வந்தது. மறுப்பை எழுதியவர் மூலக்கட்டுரையை முழுதாக வாசித்திருந்தார். இன்றைய அலைவரிசைகளுக்கு அவற்றைவிட நூறு மடங்கு பேர் உண்டு. குறைந்து போனது அந்த முழு வாசிப்பு.

எமது கலை நிகழ்ச்சிகளும் இந்தத் திசையிலேயே போகின்றன. மண்டபத்தில் முந்நூறுபேர் இருப்பார்கள். மேடையில் பிள்ளை, பின்னணி இசைப்பதிவு ஓட, நன்றாகவே பாடும். தாய் தகப்பன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். தம் பிள்ளை பாடி முடிந்ததும் படம் முகநூலில் ஏறும், அரைவாசிப்பேர் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவார்கள். மண்டபம் சேர்ந்து பாடிய ஒரு பாட்டை நான் கடைசியாகக் கேட்டு எத்தனையோ வருடம். நாற்று நடுகையிலும் அருவி வெட்டுகையிலும் அம்பா இழுக்கையிலும் சேர்ந்தே பாடிய மக்களின் பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு இது சீகரிடம் போய்ப் படிக்கவேண்டிய பாடமல்ல, மறந்துபோன பாடம்.

ஆகவே டிலானின் கூற்றை இப்படித் திருத்தி எடுத்துக்கொள்ளலாம் என நினைக்கிறேன். ஆளுக்கொரு மேடை இருப்பது எங்கள் வாயை அடைக்காது. என் மேடையில் உன்னைப் பாட அழைக்காததும், உன் மேடைக்கு நான் வராததும் அடைக்கும். எல்லோரும் ஒரே பெட்டியைப் பார்த்த காலம் இனி வராது, வந்தாலும் அந்தப் பெட்டியின் கத்தரிக்கோல் யாருடைய கையில் இருக்கும் என்பதை 1967 காட்டியிருக்கிறது. எமது கையில் இருப்பவை சின்ன மேடைகளே. அடுத்த சந்திப்பில், அடுத்த இதழில், எமக்கு உடன்பாடில்லாத ஒருவருக்கு முழுப்பக்கமும் முழுநேரமும் கொடுத்து, அவரை முழுதாகக் கேட்டபின் மறுத்துப் பேச நாம் ஆயத்தமா? பிள்ளைகளின் புதிய பாட்டை ஒருமுறை சேர்ந்து பாடிப் பார்க்க ஆயத்தமா? இதற்கு 'ஆம்' என்பவர்களும் 'இல்லை' என்பவர்களும் எழுதவேண்டும். குறிப்பாக இல்லை என்பவர்கள்.